நெறி கட்டிய இடம்

என் மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது வலது குதிகாலில் முள் ஏறிவிட்டது. ஊசியால் நெம்பி எடுத்தேன். முழுசாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நுனி உள்ளேயே ஒடிந்து தங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் பார்த்தால் குதிகால் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. அன்று சாயங்காலம் குளிக்கப் போனவள் உள்ளே இருந்தபடியே கத்திக் கூப்பிட்டாள். வலது தொடையிடுக்கில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் வலி. விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. என் அம்மாதான் வந்து தடவிப் பார்த்தார்.

"பயப்படாதடி, நெறி கட்டியிருக்கு. புண்ணு ஆறினா தானா கரைஞ்சிடும்."

மகள் அதோடு விடவில்லை. "முள்ளு குத்துனது கால்ல பாட்டி. இங்க எதுக்கு வீங்குது?"

"அது அப்படித்தான் கண்ணு" என்றார் அம்மா. "உடம்பு கிருமியோட சண்டை போடுது" என்றேன் நான். இரண்டுமே அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. சண்டை காலில் நடக்கிறதென்றால் இவ்வளவு தள்ளி, இடுக்கில் என்ன வேலை?

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க, நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நோய் எதிர்ப்பு சக்தி. சக்தி என்றதுமே அது தொட்டியில் தண்ணீர்போல ஓர் அளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. "அவனுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி", "எதிர்ப்பு சக்தியைக் கூட்டணும்" என்றெல்லாம் பேசுகிறோம். குறைந்தால் ஊற்றி நிரப்பிவிடலாம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. உடம்புக்குள் நடப்பதில் பெரும்பகுதியைப் படிப்பு என்றுதான் நான் சொல்வேன். ஒவ்வொரு நோயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும், மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டம்மையைப் படித்து முடித்த உடம்புக்குப் பொன்னுக்கு வீங்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதை முதலிலிருந்துதான் படிக்க வேண்டும்.

மகளின் இடுக்கில் வீங்கியிருந்தது அப்படி ஒரு பாடம் நடக்கும் இடம்.

அங்கே போவதற்கு முன்னால் முள்ளிடம் வருகிறேன். இந்தத் துறையே ஒரு வகையில் முள்ளில் தொடங்கியதுதான். 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரம். ரஷ்ய விலங்கியலாளர் எலி மெச்னிகாப் அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தார். வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், தனியாக உட்கார்ந்து நட்சத்திர மீனின் இளம்புழுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல உள்ளே எல்லாம் தெரியும் உயிர் அது. அதற்குள் சில செல்கள் தாமாகவே ஊர்ந்து திரிந்தன. இவை எதற்கு அலைகின்றன என்று யோசித்தவர், தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளைப் பறித்துவந்து புழுவின் தோலுக்கடியில் குத்தி வைத்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஊர்ந்து திரிந்த செல்கள் முள்ளைச் சுற்றி அடையாக மொய்த்திருந்தன. நமக்கு முள் குத்தினால் சீழ் பிடிப்பதும் இதுவேதான் என்று அவருக்குப் பொறி தட்டியது. கிருமியை விழுங்கும் செல்கள் உண்டு என்ற கண்டுபிடிப்பு அங்கே தொடங்கியது. 1908இல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மகளின் குதிகாலிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. தோல் முழுசாக இருக்கும்வரை கிருமி உள்ளே வருவது அவ்வளவு சுலபம் இல்லை. தோல் இல்லாத இடங்களுக்கும் காவல் உண்டு. கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குச்சளியிலும் லைசோசைம் என்றொரு பொருள் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரையே அறுத்துவிடக்கூடியது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தனக்குச் சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச்சளியையே எடுத்து வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தது இது. ஆனால் முள் அந்தக் காவலையெல்லாம் தாண்டி நேராக உள்ளே கிருமியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

தோலுக்கடியில் எப்போதும் குடியிருக்கும் பெருவிழுங்கி செல்கள்தான் முதலில் பார்க்கின்றன. கிருமியின் பெயரோ வகையோ அவற்றுக்குத் தெரியாது. பாக்டீரியாக்களுக்குப் பொதுவான சில வடிவங்கள் மட்டும் தெரியும், மனித உடம்பில் இல்லாத வடிவங்கள். அதைக் கண்டதும் ரசாயனக் குரல் கொடுக்கின்றன. பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது, அதனால் வீக்கம். நரம்பு நுனிகள் கூர்மையாகின்றன, அதனால் வலி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இந்த நான்கையும் ரோமானியரான செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். நோய் என்று நாம் நினைக்கும் பலவும் உண்மையில் உடம்பு பார்க்கும் வைத்தியம். இது புரிந்த பிறகு வீங்கிய இடத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

விரிந்த குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் குரல் கேட்ட இடத்தில் வேகம் குறைத்து, சுவரோடு ஒட்டி உருண்டு, பிறகு சந்தில் தம்மை நசுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. வந்து கிருமியை விழுங்குகின்றன. முடியாதபோது தம்முடைய டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்க வைக்கின்றன. அதோடு அவற்றின் கதை முடிந்துவிடும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுள் ஒரு நாள் அளவுக்குத்தான். மகளின் குதிகாலில் நான் பஞ்சால் துடைத்தெடுத்த மஞ்சள் சீழின் பெரும்பகுதி அப்படிச் செத்த வெள்ளணுக்கள். அருவருப்போடு துடைத்துப் போட்டது இன்று நினைத்தாலும் மனசுக்கு என்னவோபோல் இருக்கிறது.

ராத்திரி அவளுக்கு லேசான காய்ச்சலும் வந்தது. உடம்பு அனலாகக் கொதிக்க, "குளுருதும்மா" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். அது ஏன் என்பதும் அப்புறம்தான் புரிந்தது. வெள்ளணுக்கள் அனுப்பும் சேதி மூளையின் அடியில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு இடத்துக்குப் போகிறது. அங்கே 37 டிகிரி என்று இருந்த இலக்கை மூளை 38, 39 என்று ஏற்றி வைக்கிறது. புதிய இலக்குக்கு உடம்பு இன்னும் எட்டவில்லை. அதனால் குளிர்கிறது, நடுங்குகிறது. நடுக்கம் என்பதே தசைகள் சூடு உண்டாக்கும் வேலை. இலக்கு இறங்கும்போது வேர்த்துக் கொட்டுகிறது.

சரி, இப்போது இடுக்குக்கு வருகிறேன்.

குதிகாலில் இன்னொரு செல்லும் இருந்தது. மரக்கிளைபோல நாலாபக்கமும் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் டென்ட்ரைடிக் செல். அது கிருமியின் துண்டுகளை விழுங்கி, நொறுக்கி, அதில் ஒரு சிறு பகுதியைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொள்கிறது. பிறகு குதிகாலை விட்டே கிளம்பிவிடுகிறது. திசுக்களில் கசியும் நீரை, அதாவது நிணநீரை, வடித்துக்கொண்டுபோகும் நிணநீர்க் குழாயில் இறங்கிக் காலோடு மேலேறுகிறது. நிணநீருக்கு இதயம்போலத் தனி உறுப்பு எதுவும் கிடையாது. குழாய்ச் சுவரின் மெல்லிய சுருக்கமும் நடக்கும்போது தசை பிழிவதும்தான் அதை நகர்த்துகின்றன. அந்தக் குழாய்கள் வந்து சேரும் இடம் தொடையிடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள். உடம்பு முழுக்கச் சுமார் 600 கணுக்கள் இருக்கின்றன. காலில் அடிபட்டால் இடுக்கில், கையில் என்றால் அக்குளில், தொண்டையில் என்றால் தாடைக்குக் கீழே. நெறி கட்டுவது இந்தக் கணுக்களில்தான். ஆக, மகள் கேட்டதற்குப் பாதிப் பதில் இது: காலில் வந்த கிருமியின் சேதி அங்கேதான் போய்ச் சேரும்.

மீதிப் பாதியைச் சொல்லும்முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்ட்ரைடிக் செல்லை 1973இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் ரால்ப் ஸ்டைன்மன். நீண்ட காலம் அவர் சொன்னதைப் பலரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது, தன் உடம்பிலிருந்தே அந்தச் செல்களை எடுத்து, தன் புற்றுக்கட்டியை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்து, திரும்பத் தன் உடம்பிலேயே செலுத்தும் சிகிச்சையை எடுத்துக்கொண்டார். 2011 அக்டோபர் 3ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் முன்புதான் அவர் இறந்திருந்தார்; பரிசுக் குழுவுக்கு அது தெரியாது. இறந்தவருக்குப் பரிசு கொடுப்பதில்லை என்ற விதி இருந்தும், உயிரோடு இருக்கிறார் என்று நம்பி முடிவெடுத்ததால் பரிசு அப்படியே நின்றது. அதை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கணுவுக்குள் அந்தச் செல் தன் கையிலிருக்கும் துண்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உரசிப் பார்த்துவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது, எல்லாம் வேறு வேறு. இந்தக் குறிப்பிட்ட கிருமித் துண்டு பொருந்தும் பூட்டு லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்றில்தான் இருக்கும். அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உலகத்தில் எத்தனையோ கிருமிகள். இதுவரை உருவாகாத கிருமிகூட நாளைக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பூட்டுச் செய்து வைக்க உடம்புக்கு எப்படி முடிகிறது? மனிதருக்கு மொத்தமே ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்கள்தான். கோடிக்கணக்கான வடிவங்கள் எங்கிருந்து வரும்? பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள், கிருமியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கின்றன; அதை வைத்து இதற்கு விடை கண்டவர் ஜப்பானியரான சுசுமு டோனெகாவா; 1987இல் நோபல் பரிசு பெற்றார். நம் எழுத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் போதும், 216 உயிர்மெய் பிறந்துவிடுகிறது. அந்த எழுத்துகளைக் கோத்தால் சொற்களுக்குக் கணக்கே இல்லை. பி செல்லும் டி செல்லும் வளரும்போது இப்படித்தான் தம் மரபணுவின் சில துண்டுகளை வெட்டி, கண்டபடி மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும் இடத்தில் கூடக்குறைய எழுத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, வரப்போகும் கிருமி எது என்று தெரியாமலே, எதற்காவது பொருந்தும் என்று எண்ணிலடங்காத வடிவங்களை உடம்பு தயாராக வைத்திருக்கிறது. இதுவரை யாரும் பார்க்காத ஒரு கிருமிக்குப் பொருத்தமான செல் இப்போதே என் உடம்பில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

பொருந்திய செல் கிடைத்ததும் அது பெருக ஆரம்பிக்கிறது. ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒரு வாரத்துக்குள் ஒன்றிலிருந்து ஆயிரங்கள் வந்துவிடும். கணுவிலிருந்து வெளியேறும் வழியும் அந்தச் சமயத்தில் கொஞ்சம் அடைக்கப்படுகிறது, வந்த செல்கள் போய்விடாமல் இருக்க. அதுதான் விரலுக்கடியில் வழுக்கிய கோலிக்குண்டு.

பி செல்கள் அதற்குள்ளேயே இன்னும் நுணுக்கமான ஒரு வேலை செய்கின்றன. பெருகும்போது தம் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே சிறுசிறு பிழைகளைச் செய்துகொள்கின்றன. பிழைகளில் பெரும்பாலானவை கெடுதல். ஒன்றிரண்டு முன்பைவிட நன்றாகப் பொருந்தும். அவை மட்டும் மேலே போகின்றன. மற்றவை அங்கேயே இறந்துபோகின்றன. எழுதி, அடித்து, திருத்தி, மறுபடி எழுதுவதுபோல. நோய் தொடங்கி மூன்றாம் வாரத்தில் வரும் ஆன்டிபாடி, முதல் வாரத்தில் வந்ததைவிடக் கிருமியை இறுக்கமாகப் பிடிப்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் 'சக்தியைக் கூட்டணும்' என்ற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. மாற்றி மாற்றி ஒட்டும்போது நம் உடம்பின் சொந்தச் செல்களோடு பொருந்தும் பூட்டுகளும் உண்டாகத்தானே செய்யும்? அவற்றைக் களைய ஓர் இடம் இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பி. நீண்ட காலம் அது உபயோகமில்லாத உறுப்பு என்றே எண்ணியிருந்தார்கள். 1961இல் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது; அந்த எலிகளால் தொற்றுகளைத் தாங்க முடியவில்லை. டி செல்கள் தேர்வு எழுதும் இடம் அது. உள்ளே போகும் செல்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் உயிரோடு வெளியே வருவதில்லை. ஒன்றுக்கும் உதவாதவை, சொந்த உடம்பையே கடிப்பவை எல்லாம் அங்கேயே முடிக்கப்படுகின்றன. அதையும் மீறித் தப்பி வருபவற்றை அடக்கி வைக்க, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகையே இருக்கிறது. அவற்றைக் கண்டுபிடித்து விளக்கியதற்காகத்தான் சிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோவ், பிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அடக்குவதும் இந்த அமைப்பின் வேலைதான். அது தவறும்போது முடக்குவாதம் வருகிறது, குழந்தைகளுக்கு வரும் முதல்வகை நீரிழிவு வருகிறது. அவர்கள் உடம்பில் எதிர்ப்புக்குக் குறைவே இல்லை. திசைதான் தப்பு. இந்த நோய்களோடு வாழ்பவர்களிடம் போய், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று எதையாவது நீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கூட்டவோ குறைக்கவோ திருகக்கூடிய ஒற்றைக் குமிழ் உடம்பில் எங்கேயும் இல்லை.

கிருமி அழிந்ததும் பெருகிய செல்களில் முக்காலே மூணு வீசம் இறந்துவிடுகின்றன. மிஞ்சும் கொஞ்சம்தான் நினைவுச் செல்கள். ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் சில எலும்பு மஜ்ஜைக்குள் போய்க் குடியேறி, வருடக்கணக்கில் அங்கிருந்தே சுரந்துகொண்டிருக்கின்றன. இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று சில தீவுகளிலிருந்து வருகிறது.

வட அட்லாண்டிக் கடலில் பாரோ தீவுகள் என்று ஒரு கூட்டம். 1846இல் அங்கே தட்டம்மை புகுந்தது. சுமார் 7,800 பேர் இருந்த இடத்தில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. வீடு வீடாகப் போய் விசாரித்தவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஊரே படுத்துக் கிடக்க, சில கிழவர்களும் கிழவிகளும் மட்டும் தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் 1781இல் வந்த தட்டம்மையில் அகப்பட்டுப் பிழைத்தவர்கள். நடுவில் 65 வருடம் அந்தத் தீவுகளில் தட்டம்மையே கிடையாது. முன்பு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. 1781இல் எப்படியோ தப்பித்திருந்த முதியவர்களையோ இந்தத் தடவை அது விடவில்லை. ஆக, வயதால் வந்த பாதுகாப்பு இல்லை அது. குழந்தையாக இருந்தபோது உடம்பு படித்த ஒரு பாடத்தை, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல் 65 வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதையும் மிஞ்சிய ஒன்று 2008இல் வெளிவந்தது. 1918ஆம் ஆண்டின் கொடிய புளூ காய்ச்சல் காலத்தில் குழந்தைகளாக இருந்த 32 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் 90 வயதைத் தாண்டிவிட்டது. 32 பேரின் ரத்தமும் அந்தப் பழைய வைரஸை அடையாளம் கண்டுகொண்டது.

அப்படியானால் சளி மட்டும் ஏன் வருடத்துக்கு நாலு தடவை வருகிறது? உடம்பு மறந்துவிடுகிறது என்பதைவிட, வருகிற கிருமி வேறு என்பதுதான் முக்கியமான காரணம். சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. புளூ வைரஸ் தன் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகிறது. படித்த பாடம் சரியாகத்தான் இருக்கும், கேள்வித்தாள் மாறியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தட்டம்மை செய்யும் வேலை. அந்த வைரஸ் நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அழிக்கிறது. 2019இல் வந்த ஆய்வில், தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. பிறந்ததிலிருந்து படித்ததில் ஒரு பகுதி அழிந்து, போனதைக் குழந்தை மறுபடி திரும்பப் படிக்க வேண்டும். "தட்டம்மை சின்ன நோய்தானே, வந்து போகட்டும், உடம்பு தானே பழகிக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

நோய் வந்தால்தான் உடம்பு நன்றாகப் படிக்கும் என்ற எண்ணத்தை மகளின் முள்ளே எனக்கு உடைத்துக் காட்டியது. மருத்துவரிடம் போனதும் அவர் முள் நுனியைக் கீறி எடுத்துவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று கேட்டார். எனக்குத் தேதி ஞாபகம் இல்லை. ஒன்று போட்டு அனுப்பினார். டெட்டனஸ் வந்து பிழைத்த ஒருவருக்கு மறுபடியும் டெட்டனஸ் வரலாம் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நஞ்சு அவ்வளவு கடுமையானது. ஆளைக் கொல்லப் போதுமான அளவு, வெள்ளணுக்கள் கவனித்துப் பாடம் படிக்கத் தேவையான அளவைவிடக் குறைவு. உயிர் போகிற நோயை அனுபவித்தும் உடம்பு ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. நஞ்சின் பல்லைப் பிடுங்கி, போதுமான அளவில் ஊசி வழியாகக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. தடுப்பூசி வெளியிலிருந்து எதிர்ப்பைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. பாடத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. படிப்பது உடம்பேதான், அதே கணுக்களில், அதே செல்களைக் கொண்டு. ஊசி போட்ட பிறகு அக்குளில் சிலருக்கு நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பிறந்த குழந்தைக்கு மட்டும் கொஞ்ச காலம் கடன் கிடைக்கிறது. கருவிலிருக்கும்போதே தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. தாய்ப்பாலில் வேறு வகை ஆன்டிபாடி போய்க் குடலைக் காக்கிறது. தாய் கடந்துவந்த நோய்களின் சுருக்கம் அது. சில மாதங்களில் கரைந்துவிடும். தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பது மாதத்துக்கோ ஒரு வயதுக்கோ தள்ளி வைப்பதற்கு இதுதான் காரணம்; தாய் கொடுத்த ஆன்டிபாடி இருக்கும்போது போட்டால், குழந்தையின் செல்கள் பார்ப்பதற்குள் அது தடுப்பூசியைப் பிடித்து ஒதுக்கிவிடும்.

நாமாகச் செய்யக்கூடியது என்று எனக்கு மிஞ்சித் தெரிவது தூக்கம். 2015இல் 164 ஆரோக்கியமான ஆட்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வாரம் அவர்கள் தூங்கும் நேரத்தைக் கையில் கட்டிய கருவியால் கணக்கெடுத்துவிட்டு, பிறகு எல்லோர் மூக்கிலும் சளி வைரஸைச் சொட்டுவிட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது. புகையை விடுவதும் சத்தான சாப்பாடும் எல்லோருக்கும் தெரிந்ததே. பரீட்சைக்குப் பிள்ளையை விடிய விடிய எழுப்பி வைப்பதை நான் நிறுத்தியது அந்த ஆய்வைப் படித்த பிறகுதான்.

மகளுக்குப் புண் ஆறி, இரண்டு வாரத்தில் கட்டியும் கரைந்தது. தினமும் அழுத்திப் பார்த்துவிட்டு "இன்னைக்குச் சின்னதாயிடுச்சு" என்று வந்து சொல்வாள். முழுக்கப் போன அன்று, அவள் கேட்டிருந்த கேள்விக்கு நான் அதுவரை தெரிந்துகொண்டதைச் சொன்னேன். கட்டி போனாலும் அங்கே படித்த செல்களில் சில உள்ளேயே இருக்கும் என்றதும் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எவ்ளோ நாளைக்கு?"

என் அம்மாவின் இடது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன. சின்ன வயதில் பெரியம்மைக்குக் குத்தியது. 1977இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததோடு இயற்கையாகப் பெரியம்மை வருவது நின்றது. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். குத்தி 50 வருடம் ஆனவர்களின் ரத்தத்திலும் அதற்கான நினைவுச் செல்கள் இருப்பதை 2003இல் கண்டிருக்கிறார்கள். அவளைக் கூட்டிப்போய் அந்தத் தழும்பைக் காட்டினேன்.

கட்டை விரலால் அதை அழுத்திப் பார்த்தாள். "பாட்டி, உன் உடம்புக்கு இன்னும் பெரியம்மையைத் தெரியுமாம்."

அம்மா கையைத் திருப்பி, இத்தனை வருடமாகக் கூடவே இருந்த தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "காலை நீட்டு, உன்னுது எப்படி இருக்குன்னு பாக்கலாம்" என்றார்.